இரண்டு காதும் தெரிய

சனிக்கிழமைகளில் வங்கி இல்லை.
காலை ஆறரைக்கு டச்சுக்குடாவில்
கடலுக்குள்ளிருந்து வெளிச்சம் ஏறும்போது
மரக்கறிப் பைக்குள் கமராவோடு நிற்பேன்.
மேலே இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும்.
முருங்கைக்காய் வைத்திருக்கும் பெண்ணை
எவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.
நானாகக் கண்டுபிடித்த உத்தி இது ஒன்றுதான்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை.
துவாரம் எட்டில். குவியத்தை ஆறடியில் பூட்டு.
கண்ணருகே கொண்டு போகாதே, இடுப்பிலிருந்து எடு.
ஆளைத் தேடி அலையாதே;
நல்ல வெயில் விழும் சுவரொன்றைப் பிடித்து
அதன் எதிரே கடன் கொடுத்தவன் மாதிரிக் காத்திரு.
எடுத்த பின் அவரைப் பார்க்காதே.
அவர் தலைக்கு மேலே, கோட்டைப் பக்கம்,
ஏதோ பறவை போவதைப் பார்.

ஆனால் இந்த ஊர்
பார்க்கப்பட்டுப் பழகிய ஊர்.
பின்கழுத்தாலேயே கமராவைக் கண்டுபிடிப்பார்கள்.
கண்டதும் தாடை உயரும், வாய் மூடும்,
பெண்கள் கூந்தலைக் காதுக்குப் பின்னால் செருகுவார்கள்,
இரண்டு காதும் தெரிய.
அடையாள அட்டைக்கு இருந்த முகம்.
சோதனைச் சாவடியில்
அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டிய முகம்.
கேட்க ஆளில்லாத இப்போதும்
அரைச் செக்கனில் வந்து உட்கார்ந்துவிடும்.
அது வருவதற்குள் போய்ச் சேருவதுதான்
என் முழு வித்தையும்.

எப்போதும் முடிவதில்லை.
மீன் சந்தையில் அறுக்குளா வெட்டிக்கொண்டிருந்த
சிவபாதம் கத்தியை நிறுத்தினார்.
"எந்தக் கந்தோர்?"
வங்கி என்றேன்.
"வங்கிக்கு என்ர முகம் எதுக்கு?
கடனும் எடுக்கேல்லையே."
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
அவர் பார்க்கப் பார்க்க அழித்தேன்.
பிறகு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அரைக் கிலோ வாங்கினேன்.
நிறுவையில் ஒரு துண்டு கூடப் போட்டார்.
அதற்கு என்ன அர்த்தமென்று இன்னும் தெரியாது.

கோட்டை வாசலில் மான்கள் மட்டும்
லென்ஸை நேரே பார்த்துக்கொண்டு
சோற்றுப் பார்சல் தாளை மெல்லும்.
மான் படம் என்னிடம் நானூறு இருக்கிறது.
ஒன்றும் தேறாது.

எடுக்காதவையும் உண்டு.
கிண்ணியா பஸ்ஸின் கடைசி சீட்டில்
தொப்பி மடியில் விழ, வாய் திறந்து தூங்கியவர்.
ஜன்னல் வெளிச்சம் சரியாக அவர் நெற்றியில்.
பாலம் முடியும் வரை விரல் பொத்தானில் இருந்தது.
தூங்குகிறவரிடம் ஒளிக்க வேண்டியதில்லை;
அதனாலேயே கை வரவில்லை.

பிறகு அன்ரனெற்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் கருவாடு விற்கிறவள்.
பக்கத்துக் கடைப் பெடியன் ஏதோ சொல்ல
தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தாள்,
கடைவாயில் பல்லில்லாத இடம் தெரிய.
கிளிக் சத்தம் கேட்டுவிட்டது.
"காட்டுங்கோ."
கையெல்லாம் உப்பு, தொடாமல் குனிந்து பார்த்தாள்.
"இது ஆர்? நான் இப்பிடியோ சிரிக்கிறனான்?"
"ஓம் மாமி, ஒவ்வொரு நாளும்" என்றான் பெடியன்.
அவள் நம்பவில்லை.
"ஒழுங்கா ஒண்டு எடுங்கோ."
தராசுக்குப் பின்னால் எழும்பி நின்றாள்.
தாடை. வாய். காது இரண்டு.
முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு
கமராவை வெளியே எடுத்துக் கண்ணில் வைத்தேன்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்குத்தான் கை நடுங்கியது.

அடுத்த சனி இரண்டையும் அச்செடுத்துப் போனேன்.
நின்ற படத்தைக் காசுத் தகரத்தின் மூடிக்குள் ஒட்டினாள்.
சிரித்ததைத் திருப்பி நீட்டினாள்.
"இது நீங்கள் கண்டது.
உங்களிட்டயே இருக்கட்டும்."

வங்கி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.
கருவாட்டு மணம் போகவில்லை.
கடன் படிவங்களில் ஒட்டி வரும் முகங்களை
ஆளோடு ஒப்பிட்டு முத்திரை குத்துகிறபோது
சில நேரம் லாச்சியை
ஒரு விரல் அகலம் திறந்து வைப்பேன்.